தானாக முளைக்கும் காய்கறிச் செடிகள்

வீட்டுத் தோட்டத்தில் யாரும் விதைக்காமலும் நடாமலும் தாமே முளைத்து வளரும் காய்கறிச் செடிகள் தான்தோன்றிச் செடிகள் எனப்படும். எருக்குழி, பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடம், வேலியோரம், பூந்தொட்டி ஆகிய இடங்களில் இவற்றை மிகுதியாகக் காணலாம். தக்காளி, மிளகாய், பரங்கி, சுரை, பீர்க்கு, பாகல், மணத்தக்காளி, சுண்டை, கீரை வகைகள், பப்பாளி ஆகியவை தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இவ்வாறு முளைப்பவை. செலவின்றிக் கிடைக்கும் இச்செடிகளில் பல நல்ல விளைச்சல் தரும். ஆனால் சுரை, பீர்க்கு போன்ற கொடிகளில் சில வேளை நச்சுக் காய்களும் காய்க்கக்கூடும். ஆகவே எதை வளர்ப்பது, எதை விலக்குவது என்று அறிந்திருப்பது இன்றியமையாதது.

முளைக்கும் விதம்

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான கூழ், பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கிறது. அழுகிய பழத்தைக் குப்பையில் எறிந்ததும் கூழ் கரைந்து, ஈரம் கிடைத்தவுடன் விதை முளைக்கிறது. நன்கு சூடேறி மட்கும் எருக்குவியலில் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். வீட்டு எருக்குழி சிறியதாதலால் அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. அதனால் அதிலுள்ள விதைகள் பிழைத்து, எருவோடு சேர்ந்து தொட்டிக்கும் பாத்திக்கும் வந்துவிடுகின்றன.

மணத்தக்காளி, சுண்டை, கோவை ஆகியவற்றின் விதைகளைப் பறவைகள் பரப்புகின்றன. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் நாவை எரிக்கும். பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. அவை பழத்தை விழுங்கி எச்சமிடும் இடத்தில் மிளகாய்ச் செடி முளைக்கிறது. மரத்தடியிலும் மதிலோரத்திலும் மிளகாய் முளைப்பதற்கு இதுவே காரணம். கீரை விதைகள் மிகச் சிறியவை. மண்ணில் நெடுநாள் கிடந்து, மண்ணைக் கிளறி நீர் ஊற்றும்போது முளைக்கின்றன.

தாய்ச்செடியைப் போல் இருக்குமா?

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே நாட்டுத் தக்காளியின் விதையில் முளைத்த செடி ஏறத்தாழத் தாயைப் போலவே காய்க்கும். கடையில் வாங்கியது ஒட்டுரகமாக, அதாவது இரு வேறு ரகங்களின் கலப்பில் பிறந்ததாக இருந்தால், அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்துவிடும். ஒரே பழத்தின் விதைகளில் முளைத்த செடிகளில் ஒன்று பெரிய பழமும் மற்றொன்று சிறிய பழமும் தரலாம்.

பரங்கி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியானவை. தேனீ முதலிய பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதால் பக்கத்துத் தோட்டத்துக் கொடியோடும் கலப்பு நேரும். இக்கலப்பு அந்த ஆண்டுக் காயின் சுவையை மாற்றாது. அக்காயின் விதையிலிருந்து வளரும் கொடியிலேயே வெளிப்படும். எனவே, சென்ற ஆண்டு தின்ற காய் இனித்தது என்பதால் அதன் விதையில் வந்த கொடியின் காயும் இனிக்கும் என்று கொள்ள முடியாது.

கசப்புக் காய்கள்

பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசப்பான காட்டு வகைகளைத் தமிழர் தனியே பெயரிட்டு விலக்கி வந்துள்ளனர். இக்கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்னும் வேதிப்பொருள். பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்த சுரை விதையில் முளைத்த கொடியில் கசப்புக் காய்கள் காய்க்கலாம். புறத்தோற்றத்தில் அவை நல்ல காயைப் போலவே இருக்கும்.

இந்நச்சு சமைத்தாலும் நீங்காது. வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, இரத்தவாந்தி ஆகியவை ஏற்படும். இதற்கு மாற்றுமருந்து இல்லை. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இறந்த நிகழ்வுகள் இந்தியாவில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இது குறித்து வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காயை உண்ணவோ அதன் சாற்றைக் குடிக்கவோ கூடாது என அறிவுறுத்தியது.

சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிடும் பழைய வழக்கம் இன்றும் போதுமான பாதுகாப்பாகும். கசக்கும் காயைக் குழம்பிலோ பழச்சாற்றிலோ கலந்து சுவையை மறைக்கக் கூடாது. அக்கொடியை வேரோடு நீக்கிவிட வேண்டும். அதன் விதையை எருக்குழியில் போடக் கூடாது. தவறி உண்டு வாந்தி ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாகற்காய் இதற்கு விலக்கு. அதன் கசப்பு இயல்பானது.

அடையாளமும் பராமரிப்பும்

தக்காளி இலையைக் கசக்கினால் அதற்கே உரிய மணம் வரும். பரங்கி, சுரை வகைகளில் முதலில் தடித்த, நீள்வட்டமான இரண்டு விதையிலைகள் தோன்றும். கத்தரி, சுண்டை முளைத்த குப்பைமேட்டிலேயே நஞ்சுள்ள ஊமத்தையும் முளைப்பதுண்டு. பூவும் காயும் கண்டு உறுதி செய்யும்வரை அறியாத செடியின் இலையைக் கீரையாகப் பறிக்கக் கூடாது. பப்பாளியில் ஆண்மரமாக இருந்தால் பெரும்பாலும் காய்க்காது. பூத்த பின்னரே அதை அறிய முடியும்.

ஓரிடத்தில் நெருங்கி முளைத்த நாற்றுகளில் திடமான ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும். தக்காளி, மிளகாய் நாற்றுகளை நான்கைந்து இலை வந்ததும் மாலை வேளையில் பிடுங்கி நடலாம். கொடிவகைகள் வேர் அறுபட்டால் வாடுமாதலால், முளைத்த இடத்திலேயே விடுவது அல்லது மண்ணோடு பெயர்த்து நடுவது நல்லது. இலை சுருண்ட தக்காளியையும் நரம்பு மஞ்சளான வெண்டையையும் உடனே நீக்க வேண்டும். இந்நோய்களைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் அவற்றில் தங்கி அடுத்த பயிருக்கும் நோயைக் கொண்டு செல்லும்.

வேளாண்மையின் தொடக்கமும் குப்பைமேடும்

மனிதன் தின்று எறிந்த விதைகள் குடியிருப்பை ஒட்டிய குப்பைமேடுகளில் முளைத்ததைக் கண்டே பயிரிடக் கற்றிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1952இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். தமிழில் ஒரு கீரைக்குக் குப்பைக்கீரை என்றே பெயர் வழங்குகிறது. இன்றும் எருக்குழியில் முளைத்த செடிகளுள் நோயின்றி நன்றாகக் காய்த்ததன் விதையை ஆண்டுதோறும் எடுத்து வைத்தால், அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய ஒரு ரகம் நாளடைவில் அவ்வீட்டுக்கு உரியதாகும்.