சிறந்த நடிகருக்கான தேசியத் திரைப்பட விருது: தோற்றமும் மாற்றங்களும்

முன்னுரை

இந்தியத் திரைநடிப்பு பற்றிய ஆய்வுகளில் தேசிய விருதுப் பட்டியல் அடிக்கடி சான்றாக எடுத்தாளப்படுகின்றது. விருது பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டே நடிப்பின் தரத்தை ஒப்பிடும் போக்கும் காணப்படுகின்றது. அப்பட்டியல் எப்போது தொடங்கியது, எதனை அளந்தது என்பவற்றை அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்வது பொருந்தும். அந்நோக்கில் இவ்விருதின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

படத்திற்கு உரிய விருது

1953ஆம் ஆண்டுப் படங்களுக்கான முதல் விருதுகள் 1954இல் வழங்கப்பெற்றன. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை மராத்தியப் படமான 'ஷியாம்ச்சி ஆயி' பெற்றது. அக்காலத்தில் விருது படத்திற்கே உரியதாக இருந்தது. 1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' சிறந்த தமிழ்ப் படத்திற்கான வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதில் நடித்த எம்.ஜி.ஆருக்குத் தனி விருது பெற வழியில்லை. 1971ஆம் ஆண்டு வெளியான 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்கே அவர் சிறந்த நடிகராகத் தேர்வு செய்யப்பெற்றார். இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் விருதின் அமைப்பே மாறியிருந்தது.

நடிகர் பிரிவின் தோற்றம்

1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான 15ஆவது விருதுகளில் நடிகர், நடிகை பிரிவுகள் இடம்பெற்றன. வங்காள நடிகர் உத்தம் குமாரும், 'ராத் ஔர் தின்' என்னும் இந்திப் படத்தில் நடித்த நர்கிஸும் முதல் விருதாளர்கள் ஆவர். தொடக்க ஆண்டுகளில் இவை முறையே 'பாரத்', 'ஊர்வசி' எனப் பெயர் பெற்றிருந்தன. 1970களின் நடுப்பகுதியில் வெள்ளித் தாமரை எனப் பொருள்படும் 'ரஜத் கமல்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. எனினும் பழைய பெயர்கள் 'ஊர்வசி' சாரதா, 'பாரத்' கோபி என மக்கள் வழக்கில் நிலைத்தன.

1984ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் துணை நடிகர், துணை நடிகை பிரிவுகள் சேர்க்கப்பெற்றன. அதன் விளைவாகச் 'சிறந்த நடிகர்' என்பது நடைமுறையில் முதன்மைப் பாத்திரம் ஏற்றவரைக் குறிப்பதாயிற்று. 2022ஆம் ஆண்டுப் படங்களுக்கான 70ஆவது விருதுகளில் 'முதன்மைப் பாத்திரத்தில் சிறந்த நடிகர்' என்றே பிரிவு குறிக்கப்பெற்றது. பொருள் மாறிய நெடுங்காலத்திற்குப் பின்னரே பெயர் மாறியது என்பது இதனால் புலனாகும்.

அளவீட்டின் அலகு

விருது ஒரு பாத்திரத்திற்கு உரியதா, நடிகரின் ஓராண்டுப் பங்களிப்பிற்கு உரியதா என்பதில் ஒரே நிலை காணப்படவில்லை. உத்தம் குமார் 'ஆன்டனி ஃபிரிங்கி', 'சிரியாகானா' ஆகிய இரு படங்களுக்காக விருது பெற்றார். 1989இல் மம்மூட்டிக்கும் 'மதிலுகள்', 'ஒரு வடக்கன் வீரகதா' என்னும் இரு படங்கள் கருதப்பெற்றன. கமல்ஹாசனோ 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்' எனத் தனித்தனிப் படங்களுக்காக மும்முறை பெற்றார். 2010இல் தனுஷும் ('ஆடுகளம்') சலீம் குமாரும் ('ஆதாமின்டெ மகன் அபு') விருதைப் பகிர்ந்துகொண்டனர். எனவே வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒப்பிடுதல் பிழைக்கு இடம் தரும்.

பட்டியலின் மௌனம்

'பராசக்தி' (1952) முதல் 1966 வரையிலான சிவாஜி கணேசனின் படங்கள் இப்பிரிவின் எல்லைக்குள் வரவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காக 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றபோது, தாய்நாட்டின் தேசிய விருதில் நடிகருக்கெனப் பிரிவே இல்லை. திலீப் குமாரின் 'தேவதாஸ்' (1955), 'முகல்-ஏ-ஆசம்' (1960) ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். 1967க்குப் பின்னரும் இவ்விருவர் பெயரும் சிறந்த நடிகர் பட்டியலில் இடம்பெறவில்லை. பிந்தைய ஆண்டுகளின் விடுபாடு நடுவர் குழுவின் தேர்வு. முந்தைய ஆண்டுகளின் விடுபாடு விதியின் விளைவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

முடிவுரை

தேசிய விருதுப் பட்டியல் இந்திய நடிப்பின் முழு வரலாறு அன்று. 1967 முதல் அரசு நடிப்பை மதிப்பிட்ட முறையின் வரலாறே ஆகும். ஆண்டு, பிரிவு, கருதப்பெற்ற படம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எடுத்தாளும்போதே அது ஆய்வுக்குரிய சான்றாக அமையும்.