பதிவேட்டில் வராத காரணம்

பொங்கலுக்குத் தொப்பம்பட்டி போயிருந்தேன். பெரியம்மா மகளும் வந்திருந்தார். எனக்கு அக்கா முறை. மனநல வார்டில் பல வருஷமாக நர்ஸ். முகம் வாடியிருந்தது. "வேலை அதிகம்போல, ஒரு மாசம் லீவு போடுக்கா" என்றேன்.

"போட்டுப் பாத்துட்டேன் தம்பி. வீட்ல சும்மா இருந்தா அந்த ராத்திரி இன்னும் அதிகமா ஞாபகம் வருது."

அந்த ராத்திரி டூட்டிக்கு வர வேண்டிய இன்னொரு நர்ஸ் வரவில்லை. வார்டில் ஒரு இளைஞன் தூங்காமல் நடந்துகொண்டே இருந்தான். யாரையும் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால் படுத்துவிடுவான் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் மறுமூலையில் ஒருவருக்கு வலிப்பு. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, இளைஞனைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். "சிஸ்டர், நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டானாம்.

ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் சாஃப்ட்வேர்காரன், மருத்துவம் படித்தவன் இல்லை. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

இதற்கு ஆங்கிலத்தில் 'மாரல் இஞ்சுரி' என்று பேர். 'அறக்காயம்' என்று வைத்துக்கொள்வோம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், 1994-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். உயிர் போகும் நெருக்கடியில், அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் கைவிடும்போது ஏற்படும் காயம் என்பது அவர் பார்வை. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1984-ல், ஆண்ட்ரூ ஜேம்டன் நர்ஸுகளைப் பற்றி எழுதியிருந்தார். எது சரி என்று தெரிந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாத வேதனை பற்றி.

சோர்வு வேறு, இது வேறு. சோர்வுக்கு ஓய்வு உதவும். இங்கே உறுத்துவது மனசாட்சி. லீவு போட்டால் அது அடங்காது.

மனநல நர்ஸுகளுக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கிறது? அவர்களுடைய முக்கியக் கருவியே நம்பிக்கைதான். பேசி மாத்திரை கொடுக்கும் அதே கைதான் கட்டவும் வேண்டியிருக்கிறது. மறுநாள் காலையில் அதே முகத்தைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அக்கா அப்போது நர்சிங் மாணவி. "நம்ம கையால யாரையும் கட்டக் கூடாதுன்னு அன்னிக்கு நெனச்சேன்" என்றார்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியை முழுசாகத் தடை செய்கிறது (பிரிவு 95). மற்ற வகைக் கட்டுகளுக்குப் பிரிவு 97. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம். பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். முறை, காரணம், நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாக வைத்துக் கட்டவே கூடாது.

நல்ல விதி. ஆனால் ஒரு நர்ஸ் மட்டும் நிற்கும் ராத்திரியில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 'ஆள் இல்லை' என்று எழுதினால் சட்டமீறலை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அன்றைக்கு 'நோயாளி ஆக்ரோஷமாக இருந்தார்' என்று எழுதினார்கள். அக்காவைக் கட்டியதைவிட அதிகமாக அறுப்பது இந்த வரிதான். "அவன் பேர்ல பொய் எழுதிட்டேன் தம்பி."

என் தொழிலில் சர்வர் விழுந்தால், யார் மேலும் பழி போடாமல் உண்மைக் காரணத்தை எழுதுவோம். தப்பான காரணத்தை எழுதினால் அதே சர்வர் மறுபடி விழும். இங்கேயும் அதேதான். பதிவேட்டைப் படிக்கிற மேலிடத்துக்கு ஆக்ரோஷமான நோயாளிகள் தெரிவார்கள். காலியாக இருந்த நர்ஸ் இடம் தெரியாது. அப்புறம் ஆள் எப்படி வரும்?

ஒவ்வொரு கட்டுப் பதிவோடும் அந்த ஷிப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி என்ற இரண்டு எண்களைக் கட்டாயமாக்கினாலே பாதி உண்மை வெளியே வரும். அமெரிக்காவில் கட்டுவதைக் குறைக்க உருவான 'ஆறு உத்தி'களில் ஒன்று, சம்பவம் முடிந்ததும் நோயாளியும் ஊழியர்களும் உட்கார்ந்து அதைப் பேசுவது. அதற்குப் பெரிய செலவில்லை.

அக்காவிடம் போனில் கேட்டேன்: "காலைல அவன்கிட்ட ஏதாவது சொன்னியாக்கா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சுருச்சு."