குழலினும் சிறுத்த குண்டு

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைவிடக் குண்டின் விட்டம் மயிரிழை குறைந்தால் என்ன கேடு? மருந்து எரிந்தெழும் வாயு, இடைவெளி வழியே குண்டை முந்திக்கொண்டு ஓடிவிடும். தள்ளும் விசை குறையும், குண்டு குழலின் புரிகளைப் பற்றிச் சுழலாது, குறி தப்பும். போதாததற்கு, வார்த்த ஈயத்தின் ஓரத்தை வாயு உருக்கிக் குழலின் சுவரில் பூசிவிடும். ரிவால்வருக்குத் தாமே தோட்டா அடைப்போர் இன்றும் படும் தொல்லை இது. அவர்களிற் பலர் இன்னும் கடினமான ஈயக் கலவையை நாடுவர். சிறுத்த குண்டுக்கு அது மருந்தன்று. மென்மையான ஈயமாயின், போதிய அழுத்தத்தில் அடி விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். ரிவால்வரிலோ இன்னொரு சிக்கலும் உண்டு: சுழலறையின் வாய் குழலினும் குறுகியிருந்தால், அளவான குண்டும் அங்கேயே நசுங்கிச் சிறுத்துவிடும்.

ஆனால் ஒரு காலத்தில் குண்டை வேண்டுமென்றே சிறிதாக வார்த்தனர். வாய்வழியே மருந்திடும் துப்பாக்கியில் சில முறை சுட்டதும் கரி படியும். இறுக்கமான குண்டை அடித்துத்தான் இறக்க வேண்டும். ஆகவே எளிதில் உள்ளே இறங்கி, சுடும்போது விரியும் குண்டு தேவைப்பட்டது. என்பீல்டு துப்பாக்கியின் உள்விட்டம் 0.577 அங்குலம். அதன் குண்டு முதலில் 0.568 அங்குலமாக இருந்து பின்னர் 0.55 ஆயிற்று. எஞ்சிய இடத்தை நிரப்பியது கொழுப்புத் தடவிய காகிதம். அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயமே 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்தது.

விரியும் குண்டால் பெயர் பெற்றவர் பிரான்சின் மினியே; அவருக்குப் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுன் அளித்தது. அவருக்கு முன்பே, 1836இல், வில்லியம் கிரீனர் அத்தகைய குண்டு செய்து காட்டினார், அதிகாரிகள் ஏற்கவில்லை. அவருக்கும் முந்தியவர் 34ஆம் படைப்பிரிவின் காப்டன் ஜான் நார்ட்டன். 1823இல் குழிந்த அடியுள்ள குண்டை அமைத்த அவருக்குத் தூண்டுகோல், தென்னிந்திய மக்கள் ஊதுகுழலில் வைத்து எய்த சிற்றம்பே ஆகும்! அதன் அடியில் தாமரைத் தண்டின் மெல்லிய சோறு இருந்தது. ஊதியதும் அது விரிந்து குழலோடு ஒட்டி, மூச்சு வீணாகாமற் காத்தது. மினியேயின் பெயரை அறிந்த நம் மாணவர் இதையும் அறிதல் வேண்டும்.

அவ்வூதுகுழலைத் தமிழில் சுங்குத்தான் என்பர், மலாயில் சும்பித்தான். இவ்விரு சொற்களின் உறவை ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் சுட்டினார். மலேசியக் காடுகளில் வாழும் தெமியார் மக்களின் அம்பிலும் அடியில் மென்மையான தக்கை உண்டு; அதற்குப் பின்னே பனையினப் பஞ்சையும் திணித்தே ஊதுவர்.