உறைமோர் யார் வீட்டிலிருந்து வந்தது?

பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு சின்னக் கரண்டி உறைமோர் விட்டு மூடி வைத்தால் காலையில் தயிர். வீட்டில் உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவோம். அவர்கள் வீட்டுத் தயிர் புளிப்பென்றால் மறுநாள் நம் வீட்டிலும் அதே புளிப்பு வரும். பால் நம்முடையதுதான், குணம் உறையோடு வந்துவிடுகிறது.

கிறிஸ்தவத்தில் ஏன் இத்தனை பிரிவுகள் என்று யாராவது கேட்டால் நான் இந்த உறைமோரிலிருந்துதான் தொடங்குவேன். வேதத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள், சண்டை வந்தது, பிரிந்தார்கள் என்பது வழக்கமான பதில். அது பாதிதான். கருத்துச் சண்டை எல்லாச் சபைக்குள்ளும் எப்போதும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே டொமினிக்கன் துறவிகளும் இயேசு சபையினரும் இறையருள் பெரிதா, மனிதனின் சுதந்திரம் பெரிதா என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் மோதினார்கள். 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல் விவாதத்தை நிறுத்திவைத்தார். யாரும் தனிச் சபை கட்டிக்கொண்டு போகவில்லை. பால் திரிந்தால் மட்டும் தயிர் ஆகிவிடாது. தனியாகப் போகிறவருக்குத் தனியாக ஓர் உறை கிடைக்க வேண்டும்.

பழைய திருச்சபைகளில் அந்த உறை பிஷப்தான். ஒரு பிஷப் இன்னொருவர் தலையில் கைவைத்து அவரைப் பிஷப் ஆக்குகிறார். அந்தக் கை அப்போஸ்தலர்களிடமிருந்து இடைவிடாமல் வருகிறது என்பது நம்பிக்கை. புதிய பிஷப்பை அபிஷேகம் செய்யக் குறைந்தது மூன்று பிஷப்புகள் வேண்டும் என்று 325இல் நிசேயா சங்கமே விதி எழுதியது. பிஷப் இல்லையென்றால் புதுக் குருமார் இல்லை. குருமார் இல்லையென்றால் நாளடைவில் பலிபூசையும் இல்லை. எத்தனை பெரிய மனக்கசப்பு இருந்தாலும், கைவைக்க ஒரு பிஷப் கிடைக்காதவர்கள் ஒன்று திரும்பி வந்தார்கள், இல்லையென்றால் தேய்ந்துபோனார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்திலேயே கேரளத்தில் பார்க்கலாம். அப்போஸ்தலர் தோமாவின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பாரசீகத்திலிருந்த கிழக்குத் திருச்சபைதான் பிஷப்புகளை அனுப்பியது. போர்த்துக்கீசியர் வந்தபின் 1599இல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசஸ் கூட்டிய சங்கம் அந்த வழியை அடைத்தது. பிஷப் இனி ரோமாபுரி வழியாகத்தான் என்றானது. அரை நூற்றாண்டு மனக்குமுறல். 1652இல் அகத்தல்லா என்ற சிரியப் பிஷப் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். யாத்திரை போயிருந்த கேரளத்துக் குருமாணவர்கள் சிலர் அவரைச் சந்தித்துக் கடிதம் வாங்கிவந்தார்கள். ஆனால் போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்துக் கப்பலில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் கொச்சியில் நின்றபோது திரண்டு வந்த மக்களுக்கு அவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை. கடலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது.

1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூடிய கூட்டம், இனி இயேசு சபைப் பாதிரிமாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சிலுவையைப் பிடித்துச் சத்தியம் செய்தது. எல்லாருடைய கையும் சிலுவைக்கு எட்டவில்லை. கயிறுகளைக் கட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பாரம் தாங்காமல் சிலுவை வளைந்தது என்பார்கள். கூனன் குருசு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

சத்தியம் செய்தாயிற்று, பிஷப்புக்கு எங்கே போவது? சில மாதங்கள் கழித்து ஆலங்காட்டில் பன்னிரண்டு குருமார் சேர்ந்து தங்கள் தலைவரான அர்ச்சுதியாக்கோன் தோமாவின் தலையில் கைவைத்து அவரை முதலாம் மார்த்தோமா ஆக்கினார்கள். அகத்தல்லாவின் கடிதம் அனுமதிக்கிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். ரோமாபுரி அனுப்பிய கார்மேல் துறவி செபஸ்தியானி ஊர் ஊராகப் போய் ஒரு கேள்வியைக் கேட்டார்: பிஷப் அல்லாத பன்னிரண்டு பேர் ஒரு பிஷப்பை எப்படி உண்டாக்க முடியும்? மக்கள் மனம் கலங்கியது. பெரும்பகுதிக் கோயில்களை அவர் திரும்பச் சேர்த்துவிட்டார். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்து அவரை வெளியேறச் சொன்னபோது, பறம்பில் சாண்டி என்ற உள்ளூர்க் குருவைப் பிஷப்பாக அபிஷேகம் செய்துவிட்டுப் போனார். அந்தக் கிளைதான் இன்றைய சீரோ மலபார் சபை.

மார்த்தோமா பக்கம் இருந்தவர்கள் உறை தேடிப் பல திசைகளுக்கும் கடிதம் எழுதினார்கள். 1665இல் மார் கிரிகோரியோஸ் அப்துல் ஜலீல் வந்தார். அவர் பழைய கிழக்குத் திருச்சபைக்காரர் அல்லர். அந்தியோக்கிய யாக்கோபாயச் சபையின் பிஷப். கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற 5ஆம் நூற்றாண்டுச் சண்டையில் இவ்விரண்டு சபைகளும் எதிரெதிர் ஓரத்தில் நின்றவை. கேரளத்து மக்கள் அதைக் காரணமாக வைத்து யாரையும் ஒதுக்கவில்லை. வந்த பிஷப்பை ஏற்றார்கள். அவருடைய வழிபாடும் கொள்கையும் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தன. கொள்கைக்காகச் சபை மாறினார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இங்கே பிஷப் முன்னால் வந்தார், கொள்கை பின்னால் வந்தது.

அதன்பிறகு நடந்தது எல்லாம் இதே கதைதான். 1772இல் இன்னொரு வெளிநாட்டுப் பிஷப் கைவைத்த காட்டுமங்காட்டு அபிரகாமுக்கு எதிர்ப்பு வர, அவர் கொச்சி ராஜ்யத்தின் எல்லைக்கு வெளியே தொழியூரில் போய் அமர்ந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய கோயில்களே உள்ள சின்னஞ்சிறு சபை அது. ஆனால் மற்ற வீடுகளில் உறை தீர்ந்தபோதெல்லாம் அவர்கள் வந்து நின்ற வாசல் அது. 1889இல் திருவிதாங்கூர் நீதிமன்றத்தில் தோற்றுச் சொத்துகளை இழந்த, மார்த்தோமா பக்கத்தாருக்குள் எழுந்த சீர்திருத்தக் கட்சியின் பிஷப், 1893இல் அடுத்தவரை அபிஷேகம் செய்யாமலே இறந்துபோனார். மறு ஆண்டு தொழியூர் பிஷப் கைவைத்ததால்தான் மார்த்தோமா சபை இன்று இருக்கிறது. சபைகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த உபகாரம் இது.

ஐரோப்பாவில் வேறொன்று நடந்தது. 1517இல் லூத்தர் கிளப்பிய கேள்விக்குப் பின், ஜெர்மனியில் பிஷப்புகள் பெரும்பாலும் அவர் பக்கம் வரவில்லை. குருமாரே குருமாருக்குக் கைவைக்கலாம், அரசர் காவல் நிற்பார் என்று ஏற்பாடானது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகத்தான் இருந்தார். ஆனால் விடுதலை பெற்ற அமெரிக்காவில் தன் மக்களுக்கு நற்கருணை கொடுக்க ஆளில்லை, இங்கிலாந்துப் பிஷப்புகள் உதவவில்லை என்றதும் 1784இல் தானே கைவைத்து ஆட்களை அனுப்பினார். மெதடிஸ்டுகள் தனிச் சபையானது அந்தக் கையால்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்றும் தெரியும். உறை எங்கேயும் கிடைக்காத நாளில் வெதுவெதுப்பான பாலில் நாலு மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பார்கள்; அதுவும் உறையும். கடவுள் நேரடியாகவே அழைக்கிறார், யார் கையும் வேண்டாம் என்று ஒரு சபை நம்பத் தொடங்கினால் பிரிவுகளுக்கு எல்லை இருக்காது. 1857இல் திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில், அருமைநாயகம் சட்டம்பிள்ளை அப்படித்தான் கிளம்பினார். வெள்ளைக்கார மிஷனரிமாரின் அதிகாரமும், தன் சமூகத்தைப் பற்றி அவர்களுள் ஒருவரான கால்டுவெல் 1849இல் எழுதிய நூலும் அவரைப் புண்படுத்தியிருந்தன. எந்தப் பிஷப்பையும் தேடாமல், வேதத்தைத் தானே வாசித்து, சனிக்கிழமை ஓய்வுநாளோடு இந்துக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்றை நிறுவினார். அதில் கொள்கை உண்டு. அதைவிட அதிகமாக மானம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே எழுச்சி இந்த வழியை எல்லாருக்கும் திறந்துவிட்டது. வாடகைக்கு ஒரு மாடி, ஒரு ஒலிபெருக்கி, அழைப்பு உண்டென்று நம்பும் ஒரு பாஸ்டர் போதும்.

உலகில் நாற்பதாயிரத்துக்கு மேல் பிரிவுகள் என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். அது நாடு நாடாக எண்ணிய கணக்கு. ஒரே கத்தோலிக்கத் திருச்சபை ஒவ்வொரு நாட்டிலும் ஒருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கூட்டம் எங்கே என்று பார்த்தால், பிஷப் தேவைப்படாத சபைகளின் பக்கம்தான்.

சேர்வது பிரிவதைப் போல எளிதல்ல. 1919இல் தரங்கம்பாடியில் சில இந்தியப் போதகர்கள் கூடி, வெள்ளைக்காரர் கொண்டுவந்த பிரிவுகள் நமக்கெதற்கு என்று கேட்டார்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த தோர்ணக்கல் பிஷப் வேதநாயகம் அசரியா. பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. முடிவைப் பார்க்காமல் 1945இல் அவர் இறந்தார். கடைசிவரை முட்டிய இடம் எது? பிஷப் உள்ள ஆங்கிலிக்கரும், பிஷப் இல்லாத பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்டுகளும் எப்படிக் கலப்பது என்பதுதான். இருக்கிற போதகர்கள் யார் தலையிலும் மறுபடி கைவைப்பதில்லை. இனி வருகிற எல்லாருக்கும் பிஷப் கைவைப்பார். இந்த உடன்பாட்டில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. யாரையும் அவமதிக்காமல் எல்லாரையும் சேர்த்த அந்த ஏற்பாட்டை, கிறிஸ்தவ உலகுக்குத் தென்னிந்தியா கொடுத்த மிகப் பெரிய கொடையாகவே நான் மதிக்கிறேன். அதையும் ஏற்காமல் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கர் பலர் வெளியே நின்றார்கள்; லுத்தரன்களும் பாப்டிஸ்டுகளும் பெரும்பாலும் இன்றும் வெளியேதான்.

உங்கள் தெருவில் புதிதாக ஒரு சபையின் பலகை ஏறினால், என்ன போதிக்கிறீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் போதகருக்குக் கைவைத்தவர் யார், அவருக்கு யார் என்றும் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு உட்காரவைத்துச் சொல்வார்கள். அந்தச் சபை ஏன் தனியாக நிற்கிறது என்பது அதிலேயே விளங்கிவிடும்.