முற்றத்தை மூடினார்கள், கூடம் இருண்டது!

உத்திரமேரூர்:
சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும். இல்லையென்றால் தேர்தலில் நிற்க முடியாது!

இது இன்றைய சட்டம் அல்ல. 1,100 ஆண்டுகளுக்கு முன்பு உத்திரமேரூரில் இருந்த சட்டம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோவிலில் இருக்கின்றன.

வயது 35-க்குக் குறையக்கூடாது; 70-ஐத் தாண்டக்கூடாது. கணக்குக் காட்டாமல் டிமிக்கி கொடுத்தவருக்கு இடமில்லை. அவருடைய சொந்தக்காரர்களுக்கும் இடமில்லை! குடத்தில் ஓலை போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியம். தோட்டம் துரவுக்கு என்றே தனிக் கமிட்டி வைத்த ஊர் இது.

பகலிலும் லைட்

இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணை, ரேழி, நடுவில் முற்றம். வெயிலும் காற்றும் முற்றம் வழியாகக் கூடத்துக்கு வந்துவிடும். இருட்டு மூலைக்குக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு போதும்.

மழை, திருட்டுப் பயம், இடப் பற்றாக்குறை என்று முற்றத்துக்கு மேல் கான்கிரீட் போட்டார்கள். வந்தது வினை! மத்தியானம் 12 மணிக்கும் கூடத்தில் ஸ்விட்சைத் தேட வேண்டியிருக்கிறது.

இடிக்காமல் சரிசெய்ய வழி உண்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி மாட்டினால், வருகிற வெளிச்சம் திரும்பவும் அறைக்குள் விழும். இருட்டுச் சுவரைப் பார்த்து மாட்டினால் காசுக்குப் பிடித்த கேடு. இருட்டுதான் இரண்டாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தெருவாசலுக்கு நேராகக் கண்ணாடி வேண்டாம். பீரோ எங்கே இருக்கிறது என்று தெருவில் போகிறவனுக்கு அதுவே காட்டிக்கொடுக்கும்!

அடுத்தது விளக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. சுவருக்கு வெள்ளை அடித்தால் அதே பல்பு இன்னும் எடுக்கும். அழகுக்கு என்று ஒரே பிளக்கில் நாலு சீரியல் லைட்டைச் செருகி, ஒயரைத் திரைச்சீலைக்குப் பின்னால் விடுவது மட்டும் ஆபத்து.

பாட்டிலில் டெங்கு

கூடத்து அலங்காரத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியது மணி பிளான்ட் பாட்டில்தான். டெங்கு கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நல்ல தண்ணீரே போதும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்கச் சுமார் 10 நாள்தான். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் இதே கதை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கணும். சோம்பேறிகள் மண்ணில் வளர்ப்பது நல்லது.

படம் எங்கே?

தஞ்சாவூர் ஓவியம் வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, பட்டிதொட்டி வீடுகளுக்கெல்லாம் போயின. அவர் 1976-ல் காலமானார். அந்தப் பழைய காலண்டர் படம் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் பிரேம் போடலாம்.

நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும்; ஓதம் ஏறும் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பிரேம் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும், சாமி தெரியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள உலர்ந்த சுவரில், நின்றால் கண்மட்டத்துக்கு ஆணி அடித்தால் சரியாக இருக்கும்.