கிணற்றுத் தண்ணீரும் கண்ணாடியில் நிற்கும் வெள்ளைப் புள்ளியும்

தோட்டக் காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்களில் சிலர், கூலிக்கு வீடுகளின் வெளிப்புறம் கழுவும் வேலைக்குப் போகின்றனர். பூட்டிக் கிடந்த வீட்டைத் துப்புரவாக்குதல், கடைகளின் கண்ணாடி முகப்பைக் கழுவுதல், கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளைத் துடைத்தல் எனப் பல வகையாக இவ்வேலை வருகிறது. வாளி, தூரிகை, ஏணி, பழந்துணி இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் காலை முழுவதும் கழுவிய யன்னல், பின்னேரம் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளுடன் நிற்கும். வீட்டுக்காரர் கூலியைக் குறைப்பார். கண்ணாடியைப் பழுதாக்கிவிட்டீர்கள் என்றும் சொல்லுவார். இங்கே பிழை பெரும்பாலும் கையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு இல்லாதபடியால் நாம் கிணற்றையே நம்பியிருக்கிறோம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு சற்று அமிலத் தன்மை அடைகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னுடன் கொண்டுவருகிறது. இதையே வன்னீர் என்கிறோம். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைக் கல்லும், கண்ணாடியில் நிற்கும் புள்ளியும் ஒன்றுதான்.

லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் வன்மை இருந்தால் அது மிக வன்மையான நீர். குடாநாட்டில் இதைத் தாண்டிய கிணறுகள் சாதாரணம். 400 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 10 லீற்றர் ஒரு சுவரிலேயே காய்ந்தால், ஏறக்குறைய 4 கிராம் வெள்ளைத் தூள் அங்கே தங்கிவிடும். வழிந்து நிலத்தில் விழுந்த தண்ணீர் எதையும் விட்டுச் செல்வதில்லை. மேற்பரப்பில் நின்று காய்ந்த தண்ணீரே கறையை விடுகிறது. இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

நல்ல தண்ணீர்க் கிணறுதானே என்று சிலர் கேட்பதுண்டு. குடிக்க இனிப்பான தண்ணீரும் வன்னீராக இருக்கலாம். சவர் வேறு, வன்மை வேறு. நாக்கை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது நல்லது. கறுப்பு நிறத் தட்டு ஒன்றிலோ இருண்ட கண்ணாடித் துண்டிலோ கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் மழைத்தண்ணீர் ஒரு துளியும் விட்டு வெயிலில் காயவிடுங்கள். எந்தத் துளி வெள்ளை வளையம் போடுகிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகும் வீட்டிலும் முதலில் இதையே செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

சவர்க்காரத்தை வன்னீரில் போட்டால் நுரை எழாது. சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து பிசுபிசுப்பான அழுக்காகிக் கண்ணாடியில் ஒட்டும். திரவச் சலவைப் பொருள் அவ்வளவு மோசமில்லை. ஒரு வாளிக்குச் சிறிதளவு போதும். கூடப் போட்டால் அதை அலசி எடுக்கவே இன்னும் தண்ணீர் வேண்டும்.

வேலையை வெயில் ஏறமுன் தொடங்கி, நிழல் விழும் பக்கமாகச் செய்துகொண்டு போங்கள். சூடான சுவரிலும் கண்ணாடியிலும் துடைக்கமுன்னரே தண்ணீர் காய்ந்துவிடும். முழு முகப்பையும் நனைக்காமல் ஒவ்வொரு யன்னலாக, மேலிருந்து கீழாக முடிக்க வேண்டும். ஊத்தையை எடுக்கக் கிணற்றுத் தண்ணீர் போதும். கடைசியாக ஊற்றும் தண்ணீர் மட்டும் மழைத்தண்ணீராக இருக்கட்டும். பிறகு றப்பர்த் தகட்டால் வழித்து, ஓரங்களை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு யன்னலின் கடைசி அலசலுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை போதும். ஆகவே 20 லீற்றர் கான் ஒன்று ஒரு சாதாரண வீட்டின் யன்னல்களுக்குக் காணும்.

அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் கிடைக்கும். 20 சதுர மீற்றர் தகரக் கொட்டிலில் 10 மில்லிமீற்றர் மழைக்கு 200 லீற்றர்; சிந்தியது போக 150 என்றாலும் ஏழு கான் நிரம்பும். முதல் மழை கூரை அழுக்கைக் கொண்டுவரும், அதை வெளியே விடுங்கள். மாரியில் பிடித்ததை மூடிய பீப்பாவில், நுளம்பு புகாதபடி வலைகட்டி வைத்தால் கோடைக்கும் உதவும். தீர்ந்துபோனால் ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீர் ஒரு கான் வாங்கலாம்; அதன் விலையைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், வன்மையை எடுக்கா. தெளிந்த தண்ணீரைக் கண்டு பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஏற்கெனவே பிடித்த கறைக்கு நிறமற்ற வினாகிரியில் துணியை நனைத்து, கண்ணாடிமேல் பத்து நிமிடம் ஒட்டிவையுங்கள். பின்னர் துடைத்து மழைத்தண்ணீரால் அலசுங்கள். வடித்த தேசிக்காய்ச் சாறும் உதவும். பல வருடக் கறை கண்ணாடியையே அரித்திருக்கலாம். அது எதற்கும் போகாது. சுரண்டினால் கீறலும் சேர்ந்து தெரியும்.

ஹார்ட்வெயார் கடையில் விற்கும் அசிட்டைத் தயவுசெய்து தொடவேண்டாம். அது கறையை எடுக்கும், கூடவே சீமெந்தையும் மாபிளையும் அலுமினியச் சட்டத்தையும் தின்னும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு வினாகிரிகூட ஆகாது, ஏனெனில் அந்தச் சுவரும் கறையும் ஒரே பொருள். எந்த அமிலத்தையும் வெளிற்றும் தூளுடன் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நெஞ்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

சோலார் தகட்டில் கறை படிந்தால் வெளிச்சம் உள்ளே போவது குறையும். ஆகவே அதற்கு மழைத்தண்ணீரை மட்டும் பாவியுங்கள். மத்தியானச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஆளியை நிறுத்தினாலும் வெளிச்சம் படும்வரை தகட்டில் மின்சாரம் இருக்கும். வெடித்த தகடு கண்டால் நனைக்காமல் சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள். தகட்டின்மேல் ஏறி நிற்கவும் கூடாது.

கூலி பேசமுன் வீட்டுக்காரருடன் ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்பே உள்ள கறைகளைக் காட்டுங்கள். மறைவான ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு கழுவி, காய்ந்த பின் இருவரும் சேர்ந்து பாருங்கள். அவருக்குச் சம்மதமானால் அதன்படி மற்ற இடத்தையும் கழுவுங்கள். பழைய கறைக்குத் தனிக் கூலி என்று அப்போதே பேசிக்கொண்டால், பின்னேரம் முற்றத்தில் நின்று வாதாட வேண்டியிருக்காது.