கோஸைக் காட்டிக்கொடுக்கும் கடுகு நெடி

கடுகை நீர்விட்டு அரைத்தால் ஒரு நெடி மூக்கில் ஏறும். அதற்குக் காரணம் ஐசோதயோசயனேட் என்னும் கந்தகச் சேர்மங்கள். முட்டைகோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, நூக்கல் எல்லாம் கடுகின் உறவுக்காரச் செடிகள். எல்லாவற்றிலும் இதன் மூலப்பொருள் உண்டு. புழு இலையைக் கடித்ததும், அதுவரை தனியே அடைபட்டிருந்த நொதி அந்தப் பொருளோடு கலக்க, நெடி கிளம்புகிறது. பல பூச்சிகளுக்கு அது நஞ்சு.

வைரமுதுகு அந்துப்பூச்சிக்கோ அதுதான் முகவரி. விரல் நகத்தைவிடச் சிறிய இந்தத் தாய்ப்பூச்சி, அந்தி சாய்ந்தபின் நெடியைப் பிடித்துக்கொண்டே வயலுக்கு வந்து, இலையைத் தொட்டுச் சுவைபார்த்து முட்டையிடுகிறது. பொரிக்கும் புழுவிடம், நஞ்சு உருவாகும் முன்பே அதன் மூலப்பொருளை முறித்துவிடும் நொதி இருக்கிறது. செடியின் காவல் ஏற்பாடே செடிக்குப் பகையாகிப்போனது இப்படித்தான்.

இந்த நெடியை உணரும் இரண்டு ஏற்பிகளைச் சீன ஆய்வாளர்கள் 2020-இல் அடையாளம் கண்டார்கள். மரபணுத் திருத்தத்தால் இரண்டையும் முடக்கியதும், நெடியுள்ள செடி எது, இல்லாதது எது என்று தாய்ப்பூச்சிக்குத் தெரியவில்லை.

மருந்தடித்து இதை வெல்வது கடினம். டிடிடி-க்கு இது பழகிவிட்டது என்ற செய்தி 1950-களிலேயே ஜாவாவிலிருந்து வந்துவிட்டது. பிறகு பாக்டீரியா மருந்தான பி.டி.க்கும் வயலிலேயே எதிர்ப்பு பெற்றது. அதனால் மூக்கை ஏமாற்றும் வழியே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது: 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்னும், மற்றதை நடவுக்கு 25 நாள் பின்னும் விதைக்க வேண்டும். கடுகின் நெடியில் மயங்கிப் பூச்சிகள் பெருவாரியாக அங்கேயே முட்டையிடும். கோஸுக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும்.

இதைவிடத் தந்திரமான செடி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவின் பார்பேரியா என்ற களையில் தாய்ப்பூச்சி ஆசையாக முட்டையிடும். அதிலுள்ள சப்போனினால் புழுக்கள் மடிந்துவிடும். தாயின் மூக்குக்கு அந்த நஞ்சு தெரிவதில்லை.

கடுகில் அந்த நஞ்சு கிடையாது. அங்கே பொரிக்கும் புழுவை நாம்தான் அவ்வப்போது மருந்தடித்து ஒழிக்க வேண்டும். விட்டால் அடுத்த தலைமுறை கோஸுக்குத்தான் பறக்கும். கடுகை விதைத்துவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், விதைக்காமல் இருப்பதே மேல்.